தவிடும் வெண்மையும்: தமிழர் குடும்ப உணவில் அரிசி தீட்டல் – ஒரு வரலாற்று நோக்கு

உணவைப் பற்றி அண்மைக்காலத்தில் வெளிவரும் தமிழ் நூல்களும் கட்டுரைகளும் ஒரு வரலாற்றுச் சித்திரத்தை ஏறக்குறைய மாற்றமின்றித் தருகின்றன. முன்னோர் கைக்குத்தல் அரிசியை உண்டு நலமாக வாழ்ந்தனர், ஆலை வந்தது, அரிசி வெளுத்தது, நோய் பெருகியது என்பது அச்சித்திரம். தம் பிள்ளைகளுக்குத் தீட்டாத அரிசியைத் தேடி அலையும் பெற்றோர் பலரும் இதனை நம்பியே கடைக்குச் செல்கின்றனர். இதன் பிற்பகுதிக்கு அறிவியற் சான்று உண்டு. முற்பகுதியோ இலக்கியச் சான்றுகளோடு வைத்துப் பார்க்கும்போது நிலைகொள்ளவில்லை. வெள்ளை அரிசியின்மேல் தமிழர்க்கு இருந்த விருப்பம் ஆலையினும் மிகப் பழமையானது. அவ்விருப்பத்திற்கு ஓர் எல்லை இருந்தது; அவ்வெல்லை உலக்கை பிடித்த பெண்ணின் கை. ஆலை அந்த எல்லையையே நீக்கியது. இக்கருத்தைச் சங்க நூல்கள், கல்வெட்டுகள், இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வுகள் ஆகியவற்றின் துணைகொண்டு நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

அவைத்தலும் குற்றுதலும்

நெல் அரிசியாவதில் இரு நிலைகள் உள்ளன. முதலில் உமி நீங்குகிறது. அப்போது கிடைப்பது தவிடும் முனையும் ஒட்டிய, செம்மையோ பழுப்போ படர்ந்த அரிசி. இதனைக் கொழியல் அரிசி என்பர். மீண்டும் உரலிலிட்டுக் குற்றினால் தவிடு உதிர்ந்து வெண்மை தோன்றுகிறது. இவ்விரண்டாம் நிலையே தீட்டல். இவ்வேறுபாட்டைச் சங்கப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படை தெளிவான சான்று தருகிறது. வலைஞர் குடியிருப்பில் கள் சமைப்பதற்குரிய கூழ் 'அவையா அரிசி'யால் ஆக்கப்படுவதாக உருத்திரங்கண்ணனார் கூறுகிறார். அவைத்தல் என்பது உமி நீக்குவதை மட்டுமே குறித்திருப்பின் 'அவையா அரிசி' என்னும் தொடருக்குப் பொருளே இராது. உமி நீங்காதது நெல்லேயன்றி அரிசி அன்று. எனவே இங்கு அவைத்தல் என்பது தவிடு போக்கும் இரண்டாம் குற்றலைக் குறிக்கிறது எனக் கொள்வதே பொருந்தும். கள்ளுக்கு வேண்டிய அரிசியை வெளுப்பாக்குவதற்காக எவரும் கை வருந்தவில்லை.

இதற்கு மறுதலையாக அமைவது சிறுபாணாற்றுப்படையில் வரும் ஆமூர்க் காட்சி. நல்லியக்கோடனின் மருதநிலத்து உழவர் வீட்டில் பாணர்க்குக் கிடைக்கும் சோறு வெண்சோறு. அதற்குரிய அரிசி மாட்சிமைப்பட அவைக்கப்பட்டது. எந்த அளவிற்கெனில், குற்றிக் குற்றி உலக்கையின் இரும்புப் பூணே முகம் தேய்ந்துவிட்டதாம். இப்பகுதியை விருந்தோம்பலின் சிறப்பாக மட்டுமே உரைகாரர்கள் விளக்கிச் செல்கின்றனர். இரும்பு தேயும் அளவிற்கு உலக்கை ஓச்சியவர் யார் என்னும் வினா அங்கே எழுப்பப்படவில்லை.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்தைக் கூறும் முடத்தாமக்கண்ணியார் இன்னும் நுட்பமானவர். அவ்வரிசியில் 'முரவை' நீங்கியிருந்தது. ஆயினும் மணி முரியவில்லை. முரவை என்பது தீட்டாத அரிசியின் மேல் நீளவாட்டில் ஓடும் தவிட்டு வரி. வரி முழுவதும் நீங்குமாறு குற்றினால் நொய் மிகும். நொய் விழாமல் குற்றினால் வரி நிற்கும். இரண்டும் ஒருசேரக் கைகூடுவது அரிது. அவ்வரிய அரிசி அரசனின் பந்தியில் இருந்தது என்பதே புலவர் சொல்லும் பெருமை. இன்றைய ஆலைக்காரர் தம் அரிசிக்கு இதே இரண்டு தகுதிகளைத்தான் விளம்பரப்படுத்துகிறார் என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

ஒரே பாட்டில் நிறம் மாறும் சோறு

பெரும்பாணாற்றுப்படையை உணவு நோக்கில் தொடர்ந்து படிப்பவர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். பாலைநிலத்து எயிற்றியர் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, நிலவுரலிலிட்டுக் குறிய உலக்கையால் குற்றுகின்றனர். அடுத்துவரும் எயினர் குறும்பில் மேட்டுநில நெல்லின் சிவந்த சோறு கிடைக்கிறது. முல்லைநிலத்துச் சிற்றூரில் வரகுச் சோறு. அதற்குரிய திரிகை, யானையின் காலை ஒத்ததாகப் பந்தரின்கீழ் நிற்கிறது. மருதத்துப் பேரூரை அடைந்த பின்னரே வெண்ணெல்லின் உணவு வருகிறது.

நிறத்தைக் கொண்டு முடிவு காண்பதில் எச்சரிக்கை வேண்டும். வெண்ணெல், செந்நெல் என்னும் பெயர்கள் உமியின் நிறத்தையும் குறிக்கலாம். அவற்றைக் கொண்டு உள்ளிருக்கும் அரிசி தீட்டப்பட்டதா என அறிய இயலாது. ஆயின் எயினர் குறும்பில் சிவப்பாகச் சொல்லப்படுவது நெல் அன்று, வெந்த சோறு. அரிசியின் செந்நிறம் தவிட்டுப் படலத்திலேயே தங்கியிருப்பது. முற்றத் தீட்டினால் எச்செவ்வரிசியும் வெளுத்துவிடும். ஆகவே அச்சோறு தவிடு நீங்காத அரிசியால் ஆனது என்று ஐயமின்றிக் கூறலாம். அதனை உண்டவர் வேட்டுவர். வளமும் ஆள்வலியும் கூடக்கூடச் சோறு வெளுக்கிறது. தீட்டாத அரிசி சங்க காலத்தில் நலவாழ்வு கருதித் தேர்ந்துகொள்ளப்பட்டதாக ஒரு சான்றும் என் பார்வைக்குக் கிட்டவில்லை. அது இயலாதவரின் உணவாகவும் அவசரத்தின் உணவாகவுமே காட்சியளிக்கிறது.

இதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடுகிறது. வளத்தின் அடையாளமாக அது பாடப்பட்டது. நீரிற் கரையும் சத்துகள் கஞ்சியோடு போய்விடும் என்பதை அறிந்த இன்றைய வாசகர்க்கு அவ்வாறு வேறொன்றையும் உணர்த்தும்.

உலக்கையின் எல்லை

உரல், உலக்கை, முறம் ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை ஒரு பெண்ணின் காலைப்பொழுதை முழுமையாக எடுத்துக்கொள்வது. குற்றுதல், புடைத்தல், மீண்டும் குற்றுதல், கொழித்தல், நொய் பிரித்தல் எனத் தொடரும் இவ்வேலையின் சலிப்பை ஆற்றவே வள்ளைப்பாட்டு தோன்றியது. குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் யானைக்கோட்டை உலக்கையாகக் கொண்டு பாடுகின்றனர். குறுந்தொகையின் 89ஆம் பாடலில் பரணர் காட்டும் பெண், குற்றும்போது தலைவனைப் பாடியதற்காக ஊரார் பேச்சுக்கு ஆளாகிறாள். வள்ளையைக் காதற்பாட்டாகவே நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அது வேலைப்பாட்டு என்பதைச் சொல்லிவிட்டு விரைந்து கடந்துவிடுகிறோம்.

இவ்வேலையின் அளவே வெண்மையின் அளவையும் நிருணயித்தது. பத்துப் பேர் உண்ணும் வீட்டில் நாள்தோறும் முரவை போகக் குற்றுவது இயலாத செயல். பண்டிகைக்கும் விருந்துக்கும் நன்கு தீட்டினர். அன்றாட உணவிற்குக் கை ஓய்ந்த இடத்தில் நிறுத்தினர். தவிடும் முனையும் ஓரளவு அரிசியிலேயே தங்கின. அதாவது, குடும்பத்தின் உடல்நலம் காக்கப்பட்டது அறிவினால் அன்று, களைப்பினால். இதனைக் கூறுவது முன்னோரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. அவர்கள் நெல்லாகச் சேமித்து, வேண்டும்போது மட்டும் குற்றினர் என்பது உண்மையிலேயே அறிவார்ந்த வழக்கம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி நெடுநாள் தாங்காது. சிக்கு வாடை அடிக்கும். குதிரும் பத்தாயமும் நெல்லுக்கே உரியவை.

கோயில்களின் நிலை வேறு. இடைக்காலக் கல்வெட்டுகளில் திருவமுதிற்குரிய அரிசி 'தீட்டல்' எனவும் 'பழவரிசி' எனவும் சிறப்பித்துக் கூறப்படுகிறது. சோழர் கல்வெட்டுகளில் நெல்லை அரிசியாக்கும் கணக்கு 'ஐந்திரண்டு வண்ணம்' என்று வரும். ஐந்து அளவு நெல்லுக்கு இரண்டு அளவு அரிசி. சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை வழங்கிய கணக்கு இரண்டுக்கு ஒன்று. ஐந்துக்கு இரண்டரை வரவேண்டிய இடத்தில் இரண்டே பெறப்பட்டதெனின், எஞ்சிய அரை எங்கே போயிற்று? மிகுதியான தீட்டலால் வந்த சேதமும் குற்றியவர்க்குரிய கூலியும் அதனுள் அடங்கும் எனக் கருதுகிறேன். வெண்மைக்கு விலை உண்டு என்பதையும் அவ்விலையை நிலத்தின் விளைச்சலே தாங்கியது என்பதையும் இக்கணக்கு உணர்த்துகிறது.

புழுங்கல் என்னும் இடைவழி

தமிழர் உணவு வரலாற்றில் தீட்டலினும் மிகுதியான விளைவை உண்டாக்கியது புழுக்கல் முறையாகும். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் பின் குற்றுவதால் உமி எளிதிற் கழலும், நொய் குறையும். மக்கள் இம்முறையைக் கைக்கொண்டதற்குக் காரணம் இவ்வசதியே. சங்க நூல்களில் வரும் 'புழுக்கல்' என்னும் சொல் வெந்த சோற்றையும் அவித்த பயற்றையும் குறிப்பது. அதனைப் புழுங்கலரிசிக்குச் சான்றாகக் காட்டுவோர் சொல்லொற்றுமையால் மயங்குகின்றனர். முறை எப்போது தோன்றியிருப்பினும், பிற்காலத்தில் உழைக்கும் மக்களின் அரிசி புழுங்கலாகவும், கோயிலுக்கும் அந்தணர் இல்லத்திற்கும் உரியது பச்சரிசியாகவும் பிரிந்து நின்றன. ஒருமுறை வெந்தது என்பதால் புழுங்கல் படையலுக்கு விலக்கப்பட்டது.

இவ்விலக்கு பெற்ற அரிசியின் மதிப்பை உலகம் அறிந்தது மலாயாவில். அங்குத் தகரச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களிடையே பெரிபெரி நோய் பரவி உயிர்களைக் கொண்டுபோயிற்று. கால்கள் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து இறக்கச்செய்யும் நோய் அது. அதே நிலப்பகுதியில் தோட்டவேலை செய்த தமிழரிடையே அந்நோய் மிக அரிதாக இருந்தது. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இதனைக் கவனித்த பிராடன் என்னும் அரசு மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில், தீட்டிய அரிசி பழகிப்போய் நஞ்சேறுவதே காரணம் எனக் கருதினார். காரணம் தவறு, கவனிப்பு சரி. 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர், உள்ளிருந்தோரை இரு பிரிவாக்கி ஒரு பிரிவிற்கு வெள்ளைப் பச்சரிசியும் மறு பிரிவிற்குப் புழுங்கலும் அளித்தார். நோய் முதற்பிரிவிலேயே பரவியது. இவ்வாய்வு 1907இல் வெளியாயிற்று. சாவகத்தில் எய்க்மன் தீட்டிய அரிசி உண்ட கோழிகளிடம் இதையொத்த நோயைக் கண்டு 1890களிலேயே எழுதியிருந்தார்; அதற்காக 1929இல் நோபெல் பரிசு பெற்றார். தவிட்டில் இருந்த பொருள் 1926இல் பிரித்தெடுக்கப்பட்டது. தயமின் என இன்று அழைக்கப்படுகிறது. நெல்லை அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து மணியின் உட்பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும்.

சென்னை மாகாணத்திலும் இதே படிப்பினை கிடைத்தது. குன்னூரில் பணியாற்றிய இராபர்ட் மக்காரிசன் 1920களில் ஆராய்ந்தபோது, பெரிபெரி பச்சரிசி உண்ணும் வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் ஊன்றியிருந்தது. புழுங்கல் உண்ணும் தென் மாவட்டங்களில் அவ்வாறு இல்லை. ஒரே மாகாணத்தில் ஒரே தானியத்தை உண்ட மக்கள் அவர்கள். தோட்டக் கூலியாளாகக் கடல் கடந்த தமிழரைக் காத்தது எந்த மருத்துவமும் அன்று. ஊரில் தாழ்வாகக் கருதப்பட்ட அவர்களது அரிசியே.

ஆலையும் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரங்கூனில் நீராவி ஆலைகள் பெருகின. இருபதாம் நூற்றாண்டில் ஹல்லர் எனப்படும் சிறு உருளைப்பொறி இந்தியச் சிற்றூர்களை அடைந்தது. இப்பொறி உமியையும் தவிட்டையும் ஒரே ஓட்டத்தில் நீக்கிவிடும். எங்கே நிறுத்துவது என்னும் வினாவிற்கே அதில் இடமில்லை. அரசன் பந்தியில் மட்டும் கிடைத்த வெண்மை உழவன் வீட்டுக் கலத்திற்கும் வந்தது. அதனைப் பெண்கள் வரவேற்றனர் என்பதில் வியப்பில்லை.

1934 டிசம்பரில் காந்தியடிகள் வார்தாவை நடுவமாகக் கொண்டு அனைத்திந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கினார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அதன் செயலாளர். தீட்டிய அரிசிக்கு எதிராக 'ஹரிஜன்' இதழில் அடிகள் தொடர்ந்து எழுதினார். ஆலை அரிசி சத்தை இழக்கிறது, குற்றிப் பிழைத்த ஏழைப் பெண்கள் கூலியை இழக்கின்றனர் என்ற இரு வாதங்களையும் சங்கம் இணைத்தே முன்வைத்தது. இவ்விணைப்பு குறிப்பிடத்தக்கது. இன்று கைக்குத்தலைப் போற்றி எழுதுவோர் முதல் வாதத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டனர். 1958இல் நடுவணரசு அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றிப் புதிய ஆலைகளுக்கு இசைவு பெறவேண்டும் என விதித்தது. எனினும் ஆலைகள் பெருகின. 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. கூலி குறைவாகவும் வேலை கடினமாகவும் இருந்த ஒரு தொழிலைச் சட்டம் ஒன்றால் மட்டும் நிறுத்திவைக்க இயலாது என்பதே என் கருத்து.

இன்றைய தேர்வு

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாயிலாகக் கோபாலனும் பிறரும் தொகுத்த 'இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பு' அட்டவணையைச் சற்று நோக்குவோம். 100 கிராமில் உள்ள தயமின், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21 மில்லிகிராம், ஆலைப் பச்சரிசியில் 0.06. கைக்குத்தல் புழுங்கலில் 0.27, ஆலைப் புழுங்கலில் 0.21. ஆலையில் தீட்டிய புழுங்கலும் கையால் குற்றிய பச்சரிசியும் இவ்வகையில் சமம் என்பது 'ஆலையா, கையா' என்னும் வாதத்தையே இடம்பெயர்த்து விடுகிறது. வட மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் புழுங்கல் எளிதிற் கிடைக்காமையால் பச்சரிசிக்கு மாறுவதுண்டு. பருப்பும் காய்கறியும் கோதுமையும் உடன் இருப்பதால் பெரிபெரி வருவதில்லை. எனினும் மாற்றம் சிறியது அன்று.

தயமின் ஒன்றே கணக்கும் அன்று. தவிட்டோடு போகும் நார்ப்பொருளைப் புழுக்கல் மீட்டுத் தராது. இந்தியாவில் 10.1 கோடி மக்கள் நீரிழிவு உடையோர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நிகழ்ந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அதற்கு அரிசியை மட்டும் காரணமாக்குவது மிகையாயினும், உடலுழைப்பு குறைந்த குடும்பத்தில் முற்றத் தீட்டிய சோறே கலத்தின் பெரும்பகுதியாக இருப்பது கவலைக்குரியது. மறுபுறம், ஆலையில் சத்தை நீக்கிய அரிசியோடு இரும்பும் போலிக் அமிலமும் பி12உம் கலந்த செயற்கை மணிகளைச் சேர்த்து வழங்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. 2028 டிசம்பர் வரை அதனைத் தொடர 2024இல் நடுவண் அமைச்சரவை ஒப்பியது. நூற்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் மணிகள் கலக்கப்படுவதாகும் அது. முரவையைப் போக்கியபின் வேறு வழியில் சத்தைச் சேர்க்கும் இம்முயற்சி வரலாற்று மாணவர்க்கு ஒரு விந்தையே.

'கைக்குத்தல்' என்று எழுதிய பைகளைப் பொறுத்தவரை, அவற்றுள் பலவற்றை எந்தக் கையும் குற்றியிருக்காது. உமியை மட்டும் உரிக்கும் இரப்பர் உருளைப்பொறி இன்று உண்டு. தீட்டும் பொறி அதினின்று தனியானது. எனவே தவிடு நீங்காத அரிசியைப் பெற எந்தப் பெண்ணும் உரலடியில் நிற்கவேண்டியதில்லை. ஏமாற்று என இதனைக் கருத வேண்டா. நல்வாய்ப்பு என்றே கொள்ளலாம். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். உரைகாரர்கள் ஆண்ட 'கொழியல் அரிசி' என்னும் சொல் இருக்கவே இருக்கிறது. மரபு நெல்வகைகளுக்கும் இது பொருந்தும். கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் முற்றத் தீட்டப்படின் நிறத்தையும் அதனோடு பலவற்றையும் இழந்து பெயரளவில் நிற்கும். வரகும் சாமையும் இன்று கடைகளில் வெள்ளைவெளேரெனக் கிடைப்பதைக் காண்போர், அவையும் அதே பாதையிற் செல்வதை உணர்வர்.

அரிசிப் பைகளில் வகையின் பெயரும் விலையும் இருக்கும். எவ்வளவு தீட்டப்பட்டது என்பது பெரும்பாலும் இராது. 'சிங்கிள் பாலிஷ்', 'டபுள் பாலிஷ்' என்பன கடைக்காரர் வாய்மொழியே. வாங்குவோர்க்கு எஞ்சியுள்ள அளவுகோல் முடத்தாமக்கண்ணியார் அறிந்திருந்ததுதான். சில மணிகளை உள்ளங்கையில் இட்டு வெளிச்சத்தில் பார்த்தால், நீளவாட்டில் மங்கிய வரிகள் தெரியும். ஒரு முனையில் கருவிருந்த இடம் குழிந்திராமல் நிறைந்திருக்கும். அவ்வரிகளே முரவை. அவை தெரிந்தால் அரிசியில் தவிடு இருக்கிறது. அவ்வரிசியைச் சிறிய அளவில் வாங்கி, இரண்டொரு முறை மட்டும் களைந்து, சற்றுக் கூடுதலாக ஊறவைத்து, கஞ்சியை வடிக்காமல் பொங்கவேண்டும்.